மஞ்சள் மண்டி கைமாறிய வாரம்

மார்ச் 9, ஞாயிறு

சேலம். ரயில் தாமதம். மாசி இன்னும் முடியவில்லை, அதற்குள் சித்திரை வெயில். ஜங்ஷனிலிருந்து பேருந்து நிலையம், அங்கிருந்து ராசிபுரம் பஸ். ஜன்னலோர இடம் கிடைத்தது, ஆனால் வெயில் அடிக்கும் பக்கம். புதுச் செருப்பு கடித்து இடது குதிகாலில் கொப்புளம்.

தங்கை தேவி கூப்பிட்டதால் வந்தது. நாளைக்குப் பூஜை, கண்டிப்பாக வந்தாக வேண்டும் என்று மட்டும் சொன்னாள். என்ன பூஜை என்றால் சிரிப்பு. வீடு கட்டியிருப்பார்கள் என்று நினைத்து வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கி வந்திருக்கிறேன்.

பையில்: மாணவர்களின் விடைத்தாள் கட்டு (பாதிகூடத் திருத்தவில்லை), குழு அறிக்கையின் இறுதி வரைவு, மூட்டுவலி மாத்திரை. போன் சார்ஜர் சென்னையிலேயே நின்றுவிட்டது, பவர்பேங்க் மட்டும் இருக்கிறது.

அடுத்த வாரம் அறிக்கையில் கையெழுத்து. விளைபொருள் சந்தைகளை எப்படி மாற்றலாம் என்று அரசு கேட்டதற்கு எங்கள் குழுவின் பதில். நாலாம் அத்தியாயம் முழுக்க என் எழுத்து. மண்டி வழியாகத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் போகும். யாரும் விவசாயியிடம் நேரே போய் வாங்கலாம். விவசாயியிடம் தரகு பிடிக்கக் கூடாது. அடுத்த அறுவடையிலிருந்தே அமல். உறுப்பினர் ஒருவர், வயதானவர், மண்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாமே என்றார். இப்போதுதான் கடன் வாங்கி மண்டி வாங்கியவன் என்ன ஆவான் என்று கேட்டார். லாபம் அவனுடையது என்றால் நட்டமும் அவனுடையதுதான் என்றேன். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டார். லிஃப்டில் இறங்கும்போது குழுத் தலைவர், டெல்லியில் ஒரு பொறுப்பு வரப்போகிறது, உங்கள் பெயரைத்தான் சொல்வேன் என்றார். வீடு போய்ச் சேரும்வரை கால் தரையில் இல்லை. வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

அறிக்கை வெளிவரும்வரை ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா தொடங்கிய மஞ்சள் மண்டி, அவருக்குப் பிறகு அண்ணன் கையில். அந்தத் தரகுக் காசில்தான் நான் சென்னைக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தது, முனைவர் ஆனது, எல்லாம். அறிக்கை வந்த மறுநாளே நேரில் வந்து சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று பஸ் முழுக்க யோசனை.

தேவி திருச்செங்கோட்டு வீட்டைப் பூட்டிவிட்டு ராசிபுரத்தில் வாடகைக்கு வந்திருக்கிறாள். மகள் இனியாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடக்கிறது, அவளை எழுப்பிப் பேசவில்லை. ஆச்சரியம், தேவியின் கணவர் குணசேகரன் வீட்டில். ரிக் லாரியோடு சத்தீஸ்கர், ஒடிசா என்று ஊர் ஊராகப் போர்வெல் போட்டுத் திரிந்தவர், பொங்கலுக்கும் ஊர் நோம்பிக்கும் மட்டுமே கண்ணில் படுபவர். வண்டி எங்கே என்றேன்.

“குடுத்துப்போட்டனுங்க்கா. இனி ஊட்டுச் சோறுதான்.”

தேவி அடுப்படியிலிருந்து அவரைப் பார்த்து உஷ் என்று விரல் வைத்தாள். இரண்டு பேரும் புதுக் கல்யாணக்காரர்கள் மாதிரி.

இரவு ராகிக் களி, கீரை. நல்ல தூக்கம் வரும் போல.


மார்ச் 10, திங்கள்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் எல்லோரும் குளித்து, காரில் கிளம்பினோம். தேவி எனக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருந்தாள், மாம்பழ நிறம். கார் ஆத்தூர் ரோட்டில் திரும்பியபோது அண்ணன் மண்டியைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று நினைத்தேன். மண்டி வாசலிலேயே நின்றது. வாழைமரம், மாவிலை, வாடகைக்கு எடுத்த நாற்காலிகள். மேலே புதுப் போர்டு. அப்பா பெயர் இல்லை. இனியா மஞ்சள் மண்டி. உரிமையாளர் குணசேகரன்.

திரும்பத் திரும்பப் படித்தேன்.

தேவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “எப்பிடிக்கா? நாங்க வாங்கிட்டம்! உனக்குச் சொல்ல வேண்டாம், வந்து பார்க்கட்டும்னு அண்ணந்தான் சொல்லுச்சு.”

அண்ணன்தான் சொன்னார்.

அண்ணன் அங்கே இருந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி. வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “வா கண்ணு” என்றார், பார்வை என் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. அப்போதே புரிந்தது. அவருக்குத் தெரியும். அறிக்கை அவருக்குத் தெரியும். ஆனால் எப்படி?

அதற்குள் யாரோ என் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்குப் பெருமை தேடித் தந்த பேராசிரியர் விளக்கேற்றுவார் என்று மைக்கில் சொன்னார்கள். ஏற்றினேன். ஐந்து முகம். மூன்றாவது திரி பிடிக்கவில்லை, குணசேகரன் தன் கையாலேயே காற்றை மறைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கைகள். துளையிடும் கம்பியைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைகள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். போட்டோவில் தெரிந்துவிடும்.

பிறகு கழிவறையில் போய் வாந்தி. வெயில் என்று சொல்லிவிட்டேன். எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் காதில் விழுந்தவை:

‘ரிக்கு வண்டியக் குடுத்த பணம் பூராவும் இதுலதானாமா.’

‘திருச்செங்கோட்டு ஊட்டையும் பேங்க்ல வெச்சிருக்காங்களாட்ட இருக்குது.’

‘மச்சான் தொழிலு, பரம்பரைத் தொழிலு, என்ன பயம்.’

தேவியின் கழுத்தைப் பார்த்தேன். தாலிக்கொடி மட்டும். காலையில் புடவையின் அழகைத்தான் பார்த்தேன், கழுத்தைப் பார்க்கவில்லை.

சொல்ல முடியாது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொல்லாமலும் இருக்க முடியாது. விடைத்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி சாயங்காலம் முழுக்க. கேள்வி: சந்தையில் செய்தி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? நான் கேட்ட கேள்விதான்.


மார்ச் 11, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. செருப்பை விட்டுவிட்டுத் தேவியின் ரப்பர் செருப்பு.

காலையிலேயே அண்ணன் வீடு. நடந்தே போனேன். அண்ணி வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் உள்ளே போய் மோர் எடுத்து வந்தார். அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் இல்லாமல்.

ஏன் விற்றீர்கள் என்று கேட்டேன். வயசாச்சு என்றார். மகன் கோயமுத்தூரில் கடை போட்டுவிட்டான், இனி யாருக்காக என்றார். மஞ்சள் வரத்து தொடங்கும் நேரத்தில் எந்த மண்டிக்காரரும் மண்டியை விற்க மாட்டார் என்று சொன்னேன். அறிக்கை பற்றி உங்களுக்கு யார் சொன்னது என்று நேராகவே கேட்டேன்.

டிவியை அணைத்தார்.

“நீதான் கண்ணு.”

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். குரல் ஏறிவிட்டது.

“வார்த்தையாச் சொல்லலை. பொங்கலுக்கு வந்தப்ப, சாப்புட்டுக்கிட்டு இருக்கையில, பையனை மண்டிப் பக்கம் இழுக்காதீங்ணா, அவன் வேற தொழில் பார்க்கட்டும்னு சொன்னே. அப்பா தொழில உட்றக்கூடாது, உட்றக்கூடாதுன்னு வருசா வருசம் பேசறவ நீ. திடீர்னு இப்பிடிச் சொன்னா நான் என்ன நெனைக்கோணும்? நீ எந்தக் குழுவுல இருக்கறேன்னு எனக்குத் தெரியாதா?”

ஞாபகம் வந்தது. வாழையிலை, பூசணிக்காய்க் கூட்டு, அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தார். பாசத்தில்தான் சொன்னேன். அண்ணன் மகன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. அந்த ஒரு வாக்கியம்.

உட்கார்ந்தேன். அத்தனை வருடப் படிப்பு, கள ஆய்வு, யாருக்கு விலைச் செய்தி முதலில் போகிறதோ அவனே ஜெயிக்கிறான் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியது. செய்தியை முதலில் கசிய விட்டது நான். எங்கள் வீட்டுப் பந்தியில்.

சரி, தெரிந்துகொண்டீர்கள், அதை மாப்பிள்ளை தலையிலா கட்ட வேண்டும் என்றேன். அண்ணன் முகம் சிவந்தது. தான் கேட்டுப் போகவில்லை, குணசேகரனே வந்து கேட்டார் என்றார். இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாராம். தேவி வந்து உட்கார்ந்து அழுதாளாம், இவர் இன்னும் எத்தனை காலம் காட்டிலும் மேட்டிலும் கிடப்பது என்று. வேறு ஒருவர் சொன்ன விலையைவிடக் குறைத்துத்தான் கொடுத்தாராம். குறைத்துக் கொடுத்ததைப் பெருமையாகச் சொன்னார். நல்லது செய்துவிட்டதாகவே நினைக்கிறார், அல்லது நினைக்க முயல்கிறார்.

பிறகு கேட்டார்: “சரி, வெளியாளுக்கு வித்திருந்தேன்னு வெச்சுக்க. நீ இப்பிடி வந்து நின்னு கேட்டிருப்பியா?”

மோர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தேன்.

அண்ணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்தபோது, மோரைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். உப்பு இல்லை.


மார்ச் 12, புதன்

வெயில். மின்சாரம் பதினோரு மணிக்குப் போனது, மதியம்தான் வந்தது.

மண்டிக்குப் போனேன், வீட்டில் தேவி முகத்தைப் பார்க்க முடியாமல். குணசேகரன் குவியல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு விரலி மஞ்சளாக ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகக் காய்ந்தது எது, ஈரம் எது என்று பழகுகிறார். எனக்கும் ஒன்றைக் கொடுத்து ஒடிக்கச் சொன்னார். என் மூக்குக்கண்ணாடி, விரல், புடவை முந்தானை, எல்லாம் மஞ்சள் தூள்.

நிறையப் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ரிக் ஓடும்போது காதில் எப்போதும் இரைச்சல், ஊருக்கு வந்து படுத்தால் அமைதியில் தூக்கம் வராதாம். இப்போதுதான் வருகிறதாம். இனியா எந்தப் பாடத்தில் கெட்டி என்றே இந்த மாதம்தான் தெரிந்துகொண்டாராம். ஒரு தடவை அவளுடைய பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டதற்கு, போனில் இருக்கிறார் என்று சொன்னாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

குழுத் தலைவர் போன். இறுதி வரைவுக்கு என் சம்மதம் வேண்டுமாம். மண்டி வாசலில் லாரி நிழலில் நின்று பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் வார்த்தையிலிருந்து என் அண்ணன் புரிந்துகொண்டார், விற்றார், வாங்கியது என் தங்கை குடும்பம்.

அவர் நிதானமாகக் கேட்டார்: “அறிக்கையைக் காட்டினீர்களா?”

இல்லை என்றேன்.

“அப்புறம் என்ன மேடம். இதெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். என் சம்பந்திகூடப் போன மாதமே அவர் குடோனை விற்றுத் தள்ளிவிட்டார். நானா சொன்னேன்? புத்தியுள்ளவன் காற்றைப் பார்த்து நடந்துகொள்கிறான்.”

ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னார். உண்மையிலேயே எனக்கு ஆறுதல் சொல்கிறார். சற்று நேரம் எனக்குக் காது கேட்கவில்லை. சாலையில் பஸ் போனது தெரிகிறது, சத்தம் இல்லை.

அவகாசம் சேர்க்க வேண்டும் என்றேன். மண்டிகளுக்கு, கடன் வாங்கியவர்களுக்கு. போன கூட்டத்தில் வேண்டாம் என்று வாதாடியது நீங்கள்தானே என்றார். ஆமாம். வேண்டாம் என்றபோது காரணம் இருந்தது. இப்போது வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. எது பொருளாதாரம், எது தேவி? பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. தங்கைக்காகக் கேட்கிறேன் என்றால் நான் கையெழுத்திடத் தகுதியில்லாதவள். நியாயத்துக்காகக் கேட்கிறேன் என்றால், அந்த வயதானவர் கேட்டபோது எனக்கு ஏன் அது தெரியவில்லை?

குழுவிலிருந்து விலகுகிறேன் என்றேன். யோசித்துச் செய்யுங்கள் என்றார். டெல்லி என்ற வார்த்தையையும் சொன்னார், மெதுவாக.

செய்ய வேண்டியவை:
விலகல் கடிதம், காரணத்தோடு.
தேவியிடம் சொல்வது.
சார்ஜர் வாங்குவது.
விடைத்தாள்.


மார்ச் 13, வியாழன்

காலையில் கடிதம் அனுப்பியாகிவிட்டது. போனிலேயே அடித்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தியபின் பயம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசிதான் வந்தது.

மதியச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். இனியா பரீட்சைக்குப் போயிருந்தாள். நாங்கள் மூவர். அறிக்கையில் என்ன இருக்கிறது, எப்போது வரும், அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது, எல்லாவற்றையும். ரகசியக் கையெழுத்து, அது ஒரு பக்கம் கிடக்கட்டும்.

குணசேகரன் கடைசிவரை கேட்டார். சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், கை கழுவினார், வெளியே போய் பைக் பக்கத்தில் நின்றார். நீண்ட நேரம் அந்த முதுகு மட்டும் ஜன்னலில் தெரிந்தது. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் வீட்டுக்குத்தான்.

தேவி அழுவாள் என்று இருந்தேன். அழவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

“நீ வெளக்கேத்தும்போது உனக்குத் தெரியுமாக்கா?”

தெரியும் என்றேன். போர்டைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது என்றேன்.

“தெரிஞ்சுக்கிட்டா ஏத்துனே.”

ரசப் பாத்திரத்தை மூடினாள். தட்டுகளை எடுத்தாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விற்றவர்மேல் இல்லாத கோபம் விளக்கேற்றியவள்மேல். கூட்டத்தின் நடுவில் நான் என்ன செய்திருக்க முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது.

குணசேகரன் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. நான்தான் கேட்டேன், என்ன சொன்னார் என்று.

“மச்சான் அழுதுட்டாருங்க்கா. பணத்தைப் பையன் கடையில போட்டுட்டாராம். திருப்பிக் குடுக்க இப்ப வழியில்லைன்னாரு. கேக்கப் போன நானே அவருக்குத் தண்ணி மொண்டு குடுத்துட்டு வந்தேன்.”

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நம்ப முடியாதவர் போல நின்றார். பிறகு, நாளைக்கு ஏலம், அதற்கு ஆள் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

இனியா வந்தாள். கணக்கு நன்றாக எழுதினாளாம். எல்லோரும் ஒரே குரலில் நல்லது என்றோம்.


மார்ச் 14, வெள்ளி

ஏல நாள். விடிந்ததிலிருந்தே டெம்போக்கள். மஞ்சள் வாசனை தெருமுனைவரை. நான் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. தேவி மண்டிக்குக் கிளம்பியதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன்.

பாதி மூட்டைகள் இறக்கியாகிவிட்டது. ஈரோட்டிலிருந்து வியாபாரிகள், கையில் விலை எழுதிப் போடும் சீட்டு. குணசேகரன் பெரிய முதலாளி போல இருக்க முயன்று, முடியாமல், மூட்டை தூக்குகிறவர்களோடு சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்தார்.

தேவி நேராகப் போய் எடை மேடைமேல் ஏறி நின்றாள். மைக் இல்லை. பள்ளிக்கூடத்தில்கூட மேடை ஏறாதவள். ஏறி நின்றதும் கூட்டம் தானாகவே அமைதியானது, பூஜையன்று விட்டுப்போன நன்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

“ஒரு நிமிசம் கேட்டுக்குங்க. வர்ற வருசத்துல இருந்து மண்டிக்கு வந்துதான் மஞ்சள் விக்கோணும்னு இருக்காதுங்க. ஆரு வேணும்னாலும் உங்க தோட்டத்துக்கே வந்து வாங்கலாமாம். உங்ககிட்டத் தரகு புடிக்கவும் கூடாதாம். சட்டம் வரப்போகுது. எங்களுக்கு நேத்துத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சு வெச்சுக்கிட்டு உங்க மூட்டைய எறக்கச் சொல்ல எனக்கு வாய் வரலைங்க.”

பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை கூட்டங்கள், எத்தனை மூடிய அறைகள், வரைவின் ஒவ்வொரு பக்கத்திலும் ரகசியம் என்ற முத்திரை. அத்தனையையும் என் தங்கை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். குணசேகரனுக்கும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே இருந்தது. முதுகில் இருந்த மூட்டையை இறக்கவே மறந்து நின்றார்.

வியாபாரிகள் உடனே போனோடு வெளியே. இளைஞர் ஒருவர் தேவி பேசியதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் டெம்போ ஒன்று கிளம்பியது, அதைப் பார்த்து இன்னொன்று. அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை, வருகிற வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. கூட்டம் கலைவதைத் தேவி மேடைமேல் நின்றே பார்த்தாள்.

புதுச்சத்திரத்துக்காரர் ஒருவர், அப்பா காலத்திலிருந்து எங்கள் மண்டிக்கு வருபவர், முன்னால் வந்தார்.

“எல்லாஞ் சரிதானுங்கம்மா. இத்தனை மூட்டைய ஊட்ல எங்கீங்க வெக்கறது? மழை வந்தா போச்சு.”

“இங்கயே வெச்சுக்குங்க. தரகு வேண்டாங்க. வெக்கற எடத்துக்கு வாடகை மட்டும் குடுங்க.”

“எவ்வளவுங்க?”

“தெரியலீங்க. யோசிச்சுச் சொல்றேன்.”

அவர் மூட்டை நின்றது. இன்னும் சிலரின் மூட்டைகளும். மற்றவை போய்விட்டன. ஏலம் நடக்கவில்லை. குணசேகரன் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, ஏன் புள்ள என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை என்று கேட்டார், கோபமில்லாமல். சொல்லியிருந்தால் நீங்கள் தடுத்திருப்பீர்கள் என்றாள்.

மதியத்துக்குள் அந்தப் படம் எல்லார் போனிலும். என் போன் ஓயவில்லை. எதையும் எடுக்கவில்லை. பவர்பேங்க்கும் தீர்ந்து, சார்ஜும் தீர்ந்துவிட்டது.


மார்ச் 15, சனி

பேப்பரில் வந்திருக்கிறது. இனியா படித்துக் காட்டினாள்.

அப்படி எந்தப் பரிந்துரையும் இறுதி செய்யப்படவில்லை என்று தலைவர் மறுத்திருக்கிறார். குழுவிலிருந்த பேராசிரியர் ஒருவரின் குடும்பம் மஞ்சள் மண்டி நடத்துவதும், அவர் அதை மறைத்ததும் தெரிய வந்ததால் அவர் ஏற்கெனவே விலக்கப்பட்டுவிட்டார் என்றும் சொல்லியிருக்கிறார். பெயர் முழுதாக. இனிஷியலோடு.

விலக்கப்பட்டார். விலகினார் அல்ல. அந்த ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டில் கேட்டு, என் போனுக்குப் பொருந்தும் சார்ஜர் வாங்கி போனை உயிர்ப்பித்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். பழைய மாணவன் ஒருவன், நீங்களா மேடம், என்று இரண்டே வார்த்தை. அவகாசம் கேட்ட அந்த வயதான உறுப்பினரிடமிருந்தும் ஒரு தவறிய அழைப்பு. திரும்பக் கூப்பிட்டேன். அவர் எதையும் விசாரிக்கவில்லை. தங்கச்சி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அதற்குத்தான் அழுகை வந்தது. இந்த வாரத்தில் முதல் தடவை.

அண்ணி பேசினார். அண்ணன் நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம், கோயமுத்தூருக்குப் போய் மகனிடம் கொஞ்சமாவது திருப்பிக் கேட்கப் போகிறாராம். கேட்பார். கிடைக்குமா தெரியவில்லை. நான் அவரிடம் பேச வேண்டும். இன்று இல்லை.

மாலை ரயிலுக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். தேவி பேப்பரோடு வந்து நின்றாள். வியாழனுக்குப் பிறகு அவளாக வந்தது இதுதான்.

“பேசுனது நானு. இவங்க உன் பேரைப் போட்டிருக்காங்க.”

ஆமாம் என்றேன்.

“குடும்பம் மண்டி நடத்துதுன்னு போட்டிருக்கான். அது பொய்யின்னு போய்ச் சொல்லுக்கா.”

“பொய் இல்லையே தேவி.”

பேப்பரை நாலாக மடித்தாள். பிறகு கட்டிலில் என் பக்கத்தில், பையை நகர்த்திவிட்டு, உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. புதுச்சத்திரத்துக்காரர் மறுபடி போன் பண்ணினார் என்றாள். மூட்டைக்கு மாதம் என்ன வாடகை என்று இன்றைக்குள் சொல்ல வேண்டுமாம். அவருக்கும் கட்டுப்படி ஆக வேண்டும், பேங்க் கடனும் கட்ட வேண்டும். எவ்வளவு வைக்கலாம் என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் பையிலிருந்து என் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கிறாள். குணசேகரன் கீழே பைக்கைக் கிளப்பி ஹாரன் அடிக்கிறார். மண்டிக் குடோனை அளக்கப் போகிறோம்.